செடி நட்ட மீன்தொட்டியில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

செடிகள் நட்டு ஒரு சின்ன மீன்தொட்டி வைத்தால், முதல் இரண்டு மாதம் ஏதாவது ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். தண்ணீர் வெளுக்கும், நட்ட செடியின் இலை கூழாகும், கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து பாட்டில் விற்கிறார்கள். அதை வாங்கி ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: தண்ணீர் நிரப்பி எத்தனை நாள் ஆகிறது?

இந்தக் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். பத்து நாள் தொட்டியில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கினால் அது தானே தெளியும். ஆறு மாதத் தொட்டியில் அதே கலங்கல் திடீரென்று வந்தால், கட்டைக்குப் பின்னால் ஒரு மீன் செத்து அழுகிக்கொண்டிருக்கலாம். முதல் மாதம் வரும் பழுப்புப் பாசி சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும். எட்டாவது மாதம் வரும் கறுப்புப் பாசி, நாம் எதையாவது மாற்றும்வரை நகராது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய நாள், செடி நட்ட நாள், மீன் விட்ட நாள், விளக்கு எரியும் நேரம், தண்ணீர் மாற்றிய அளவு, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். கூடவே அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்றும் ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் மட்டத்தின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 1000-ஆல் வகுங்கள். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். மண்ணும் கல்லும் கட்டையும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் தண்ணீர் அதைவிடக் குறைவுதான். உரமோ மருந்தோ, அந்தக் குறைந்த அளவுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். விளக்கையும் குறைத்து, உரத்தையும் கூட்டி, பில்டரையும் கழுவினால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. மீன் மூச்சுக்குத் திணறும்போது மட்டும் இந்தப் பொறுமை கூடாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

பைட்டர், குராமி போன்ற மீன்கள் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அது அவற்றின் இயல்பு. மற்ற மீன்கள் கூட்டமாக நீர்மட்டத்தில் நின்று, செவுள் வேகமாக அடித்துக்கொண்டால் உடனே செயலில் இறங்குங்கள். சோதனையெல்லாம் அப்புறம். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஏர் பம்ப்பைப் போடுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம்.

மீன்கள் கொஞ்சம் தேறியதும், எந்த நேரத்தில் இப்படி ஆகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் மட்டும் என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை. விளக்கு அணைந்தபிறகு செடிகள் ஆக்சிஜனைத் தருவதில்லை, மீன்களைப் போல அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விளக்கு எரியும் நேரத்தில், அதுவும் மதியத்துக்கு மேல் ஆகிறதென்றால், நீங்கள் செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்தோ ஈஸ்ட் கலவையிலிருந்தோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறவரா என்று பாருங்கள். ஆம் என்றால் அளவு மீறிவிட்டது. அந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்ட உள்ளே தொங்கவிடும் நிறங்காட்டி பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சளாகிவிட்டால் வாயு அதிகம்.

தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் தொடங்கினால் சந்தேகம் குளோரின் மேல்தான். வெறும் குளோரின் என்றால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் போய்விடும். குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்திருந்தால் அப்படி வைத்துப் பயனில்லை, குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றியே ஆக வேண்டும். எது கலந்திருக்கிறது என்று தெரியாதபோது எப்போதும் ஊற்றிவிடுங்கள்.

நாள் முழுக்கத் திணறினால் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கிறது. தொடக்க நிலையில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு விஷமில்லை, செடிகளுக்கு அது உரம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட பில்டர் பஞ்சிலும் மண்ணிலும்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைக்க வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே மூழ்குகிறது.

அம்மோனியா எவ்வளவு கொடியது என்பது பி.எச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரியில், பி.எச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச் 8 ஆனால் நூற்றில் 5 பங்குக்கு மேல் அந்த வடிவில் இருக்கும். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டுகிற இரண்டு தொட்டிகளில், ஒன்றில் மீன் நிம்மதியாக நீந்துவதும் இன்னொன்றில் செவுள் சிவந்து சாவதும் இதனால்தான். நைட்ரைட் வேறு வழியில் கொல்லும். அது ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும், ரத்தமே பழுப்பாகிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

இரண்டில் எது லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினாலும் தண்ணீர் மாற்றுங்கள். தேவைப்பட்டால் தினமும் மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். அக்வா சாயில் என்று விற்கும் சத்து நிறைந்த தொட்டி மண்ணைப் போட்டிருந்தால் முதல் சில வாரங்கள் அந்த மண்ணே அம்மோனியாவை விடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் மீன் மட்டும் உள்ளே இருக்கக் கூடாது.

பழைய தொட்டியில் திடீரென்று அம்மோனியா ஏறினால், கடைசியாக பில்டரை எப்படிக் கழுவினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்திருந்தால், குளோரினில் பாக்டீரியாக்கள் செத்திருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் இரண்டு முறை அலசி எடுத்தால் போதும். பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனாலும் இதே கதைதான். மூடிய பில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே இருப்பவை அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள், உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சை அலசிவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர் கலங்கியிருக்கிறது

ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை எடுத்து நிறத்தைப் பாருங்கள்.

வெண்மை, அதுவும் நிரப்பிய முதல் நாளே என்றால் மண் தூசி. மண்ணின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாக ஊற்றியிருந்தால் இது வந்திருக்காது. பில்டர் இரண்டு நாளில் பிடித்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு பால் கலந்தது போல ஆனால் அது பாக்டீரியா பெருக்கம். இங்கேதான் பலரும் அவசரப்பட்டு முழுத் தண்ணீரையும் கொட்டி, பில்டரையும் கழுவி, முதலிலிருந்து தொடங்குகிறார்கள். மறுபடியும் அதே கலங்கல் வரும். ஏர் பம்ப்பை ஓட விட்டு, ஒன்றும் செய்யாமல் ஒரு வாரமோ பத்து நாளோ விடுங்கள்.

பச்சை என்றால் மிதக்கும் நுண்பாசி. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் வெளிறும், மறுபடி பச்சையாகும். பெரும்பாலும் சன்னல் வெயில் நேரடியாக விழுகிற தொட்டிகளில் இதைப் பார்க்கலாம். விளக்கை அணைத்து, தொட்டியைத் தடித்த துணியால் நான்கு நாள் முழுவதும் மூடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். துணியை எடுத்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செத்த பாசி அழுகினால் அம்மோனியா ஏறும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நல்ல வேரோடு இருக்கிற செடிகள் நான்கு நாள் இருட்டைத் தாங்கிக்கொள்ளும்.

தேயிலைச் சாறு நிறம் வந்தால் கட்டையிலிருந்து இறங்கும் டானின். மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்கவில்லையென்றால் பில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

இலைகள் கரைகின்றன

புதிதாகச் செடி நட்டவர் மனம் உடைவது இங்கேதான். என் முதல் தொட்டியில் கிரிப்டோகோரைன் நட்டு எட்டாவது நாள் எல்லா இலையும் கண்ணாடி போலாகி, தொட்டால் கரைந்தது. செடி செத்துவிட்டது என்று பிடுங்கிக் குப்பையில் போட்டேன். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்ததை அப்போது கவனித்தும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. அந்த வேரை மண்ணிலேயே விட்டிருந்தால் மூன்று வாரத்தில் புது இலை வந்திருக்கும்.

விற்பனைக்கு வரும் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கப்படுகின்றன. காற்றில் முளைத்த இலை தண்ணீருக்குள் நெடுநாள் பிழைக்காது. செடி அதைக் கைவிட்டு, நீருக்கேற்ற மெல்லிய புது இலையை விடும். கிரிப்டோகோரைன் இன்னும் தொட்டாற்சிணுங்கி. இடம் மாற்றினாலும், தண்ணீரின் தன்மை மாறினாலும் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். எனவே பழைய இலை கரைவதை விட்டுவிட்டு நடுக்குருத்தைப் பாருங்கள். அங்கே புதிதாக ஒரு நுனி தெரிந்தால் செடி பிழைத்துவிட்டது. கரைந்த இலைகளை அடியோடு வெட்டி வெளியே எடுங்கள், உள்ளே விட்டால் பாசிக்குத் தீனி.

அனுபியாஸ், ஜாவா பெர்ன், புசெபலாண்ட்ரா மூன்றும் கரைந்தால் காரணம் வேறு. இவற்றுக்குப் படுத்துக் கிடக்கும் தடித்த மட்டநிலத்தண்டு உண்டு, அதை மண்ணில் புதைத்தால் அழுகும். தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிடுங்கி, நூலால் கட்டையில் கட்டுங்கள், அல்லது சயனோஅக்ரிலேட் வகை சூப்பர் பசை ஒரு சொட்டு வைத்துக் கல்லில் ஒட்டுங்கள். கொழகொழவென்று நாறினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள். ஜாவா பெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள். அவை வித்துகள்.

ஒரு மாதம் கடந்தும் இலைகள் நோஞ்சானாக இருந்தால் உணவுக் குறை. எந்த இலையில் தெரிகிறது என்பதே துப்பு. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து உருவி புது இலைக்கு அனுப்பும், அதனால் குறை கீழ் இலையில் தெரியும். கீழ் இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் போதவில்லை. ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம். நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுத்தால் மக்னீசியம். இரும்பும் கால்சியமும் அப்படி நகராதவை, அவற்றின் குறை புதுக் குருத்தில்தான் தெரியும். குருத்து வெளிறி வந்தால் இரும்பு, சுருண்டு கோணலாக வந்தால் கால்சியம் என்று சந்தேகப்படலாம். மீன் குறைவாக உள்ள தொட்டிகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது பொட்டாசியக் குறைதான். எல்லாச் சத்தும் கலந்த திரவ உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் பாதியில் தொடங்குங்கள். கிரிப்டோகோரைனும் வாலிஸ்னேரியாவும் வேரால் நிறையச் சாப்பிடுகிறவை. சத்தில்லாத சல்லியில் நட்டிருந்தால் அடியில் உர வில்லை புதைக்க வேண்டும்.

ஓட்டை விழுந்த இலை மறுபடி மூடாது. உரம் வேலை செய்கிறதா என்பதை அடுத்து வருகிற இலைதான் சொல்லும்.

தண்டுச் செடி இலைகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டுக் கொடி மாதிரி மேலே ஓடினால் வெளிச்சம் போதவில்லை. நட்டது மிதந்து மிதந்து வந்தால் மண் மெல்லியதாக இருக்கிறது. 5 முதல் 7 செ.மீ ஆழம் வேண்டும். கடையிலிருந்து வரும்போது வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை முழுக்க எடுத்துவிட்டு, இடுக்கியால் சாய்வாக நடுங்கள்.

பாசி பிடிக்கிறது

விரலால் தேய்த்தால் பொடியாகப் போகும் பழுப்பு என்றால் டயாட்டம். புதுத் தொட்டிகளில் வரும், துடைத்துக்கொண்டே இருங்கள், சில வாரங்களில் நின்றுவிடும். நெரைட் நத்தை இருந்தால் அது பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் வந்தால் வெளிச்சம் அதிகம், சில சமயம் பாஸ்பேட் குறைவு. கண்ணாடியில் இருப்பதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நூல் நூலாக வளர்வதை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் நூடுல்ஸ் சுற்றுவது போலச் சுற்றி எடுத்துவிடலாம். அமானோ இறால் மிச்சத்தைத் தின்னும்.

பாசி எதுவானாலும் முதலில் விளக்கின் நேரத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் 6 மணி நேரம் போதும், செடிகள் நன்றாக வளர்ந்தபின் 8 வரை போகலாம். கையால் போட்டு அணைத்தால் ஒரு நாள் 5, ஒரு நாள் 11 என்று ஆகிவிடும், டைமர் போட்டுவிடுங்கள். பாசியைக் குறைக்க உரத்தை நிறுத்துவது பெரும்பாலும் எதிர்விளைவைத்தான் தரும். செடி பசியில் சோர்ந்தால் அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். அதற்கு மாறாக, வேகமாக வளரும் ஹைக்ரோபிலா, ஹார்ன்வொர்ட் மாதிரிச் செடிகளைத் தொடக்கத்திலேயே நெருக்கமாக நடுங்கள்.

கறுப்பாகத் தாடி போல இலை ஓரத்திலும் பில்டர் குழாயிலும் வருவது பிடிவாதமான வகை. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் சிவப்புப் பாசி இனம், சாகும்போது சிவந்து காட்டும். கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஆடும் தொட்டிகளில் அதிகம் வரும். பிடித்த இலைகளை வெட்டுங்கள். குழாயையோ கல்லையோ வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரஷ்ஷால் தடவி, சில நிமிடம் கழித்துக் கழுவி உள்ளே வையுங்கள்.

நீலப்பச்சையாக, வழவழவென்று போர்வை மாதிரி மண்ணின் மேல் பரவி, முகர்ந்தால் நாற்றம் அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலைகளிலும், நைட்ரேட் சுத்தமாக இல்லாத தொட்டிகளிலும் வரும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, மூன்று நாள் இருட்டடிப்புச் செய்து, பில்டரின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள்.

நத்தைகள் பெருகிவிட்டன, கண்ணாடியில் புழு நெளிகிறது

நத்தை முட்டை செடியோடு வரும். நத்தை பெருகுகிறதென்றால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். மீன்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒரு வேளை போதும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டை உள்ளே போட்டு, காலையில் அதில் ஏறியிருப்பவற்றோடு எடுத்துவிடுங்கள். செம்பு கலந்த நத்தை மருந்து வேண்டாம், இறால்களைக் கொன்றுவிடும்.

நத்தைகளை ஒட்டுமொத்தமாக ஒழிக்கவும் நான் சொல்லமாட்டேன். 1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் ஒரே கலத்தில் வளர்த்ததைப் பதிவு செய்தார். அவருக்கு வந்த முதல் கோளாறும் இலை அழுகித் தண்ணீர் கெட்டதுதான். குளத்து நத்தைகளை உள்ளே விட்டார், அவை அழுகிய இலையைத் தின்று தண்ணீரைத் தெளிய வைத்தன.

வெள்ளை நூல் மாதிரி நெளியும் மெல்லிய புழுக்கள் கசடு தின்பவை, தொந்தரவில்லை. தலை அம்புமுனை போல இருந்தால் பிளனேரியா. தண்டும் அதன் நுனியில் கைகளுமாக ஒட்டியிருந்தால் ஹைட்ரா. இரண்டும் இறால் குஞ்சுகளுக்கு ஆபத்து.

சின்னச் சின்னவை

புதுக் கட்டையில் வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் வருவது நின்றுவிடும். மேற்பரப்பில் எண்ணெய் மாதிரிப் படலம் வந்தால் ஒரு காகிதத் துண்டை விரித்துப் போட்டு எடுங்கள், பில்டரின் வாயைக் கொஞ்சம் மேலே திருப்புங்கள். பி.எச் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் உள்ளே வைத்த கல்லை வெளியே எடுத்துச் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், அதை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது, மீன் விடலாமா?

கண்ணை நம்பாதீர்கள், டெஸ்ட் கிட்டை நம்புங்கள். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்து, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் ஏறியிருந்தால் பில்டர் தயார். பெரிய அளவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி, மீன் வந்த பையை 15 நிமிடம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம். முதலில் ஐந்தாறு சின்ன மீன்கள் மட்டும். அன்று இரவு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். அடுத்த ஒரு வாரம் தினமும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள், இரண்டும் ஏறாமல் நின்றால் இன்னும் ஒரு வாரம் கழித்து அடுத்த கூட்டத்தைக் கொண்டு வாருங்கள்.